பயண இலக்கியத்தில் பற்றும் வரவும்

பயணம் செய்தவர் நூல் எழுதுகின்றார். அப்பயணிக்குச் சோறிட்டவர் நூல் எழுதுவதில்லை. பயண இலக்கியம் முழுவதையும் இந்த ஒரு வேறுபாடு ஆள்கின்றது. ஆயினும் நம் திறனாய்வாளர்கள் இதைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாக எமக்குத் தோன்றவில்லை. நூலில் நடை எளிதா, வருணனை அழகா, செய்தி சரியா என்று கேட்கின்றனர். பயணி தாம் பெற்றதைக் கணக்கில் எழுதியுள்ளாரா என்ற வினாவை எழுப்புவோர் அரியர். அவ்வினாவைத் தமிழ் நூல்கள் சிலவற்றின் முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் நடுவண் அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணிபுரிகின்றோம். பிறர் அளிக்கும் பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்ப்பது எம் அன்றாட வேலைகளுள் ஒன்று. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஏறிய ஊர்தி, தங்கிய இடம் என்று கட்டங்கள் பல உண்டு. ஒரு கட்டம் வெறுமையாக இருப்பினும் பட்டியல் திரும்பிப் போகும். எனவே வெறுமையான கட்டங்களைக் காண்பதில் எமக்குச் சிறிது பழக்கம் உண்டு. அப்பழக்கமே இலக்கியம் படிக்கும்போதும் எம்மைத் தொடர்கின்றது என்பதை முன்னரே ஒப்புக்கொண்டுவிடுகின்றோம்.

இவ்வெண்ணம் எழுந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். எம் பெற்றோர் நடு அந்தமானில் உள்ள ரங்கத்தில் வாழ்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்னர், மழைக்காலத்து மாலையொன்றில், முதுகுப்பை சுமந்த இளைஞர் ஒருவரை லாரி ஓட்டும் அண்டை வீட்டார் அழைத்து வந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை. போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, இடம் கேட்டு ஏறி, குறைந்த செலவில் தீவுகளைக் காண வந்தவர். காற்றும் மழையும் மிகுந்து படகுகள் நின்றுபோயின. தங்க இடமில்லை. எம் தாயார் கேட்டது ஒன்றுதான்: “யாரு பெத்த பிள்ளையோ, இப்படி நனைஞ்சு வந்து நிக்குது. முதல்ல தலையைத் துவட்டச் சொல்லுங்க.” மூன்று நாள் அவர் அங்கே தங்கினார். சூரை மீன் குழம்பும் சோறும் உண்டார். நான்காம் நாள் மாயாபந்தர் செல்லும் லாரியொன்றில் ஏறிப் போனார்.

பின்னர் அவர் எழுதிய பயணக் கட்டுரை எம் பார்வைக்கு வந்தது. நன்றாகவே எழுதியிருந்தார். இறுதியில் செலவுப் பட்டியலும் இருந்தது. அதில் எங்கள் ஊருக்கு நேரே, ‘ரங்கத், மூன்று நாள், உணவும் தங்கலும்: செலவு இல்லை’ என்று கண்டிருந்தது. கட்டுரையில் எம் தாயார் இல்லை, குழம்பும் இல்லை, துவட்டிய துண்டும் இல்லை. எமக்குச் சினம் மூண்டது. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வீட்டுக்கு நல்லபடியாப் போய்ச் சேர்ந்துச்சா? அதப் போட்டிருக்கா?” என்றார். அதுவும் போட்டிருக்கவில்லை.

மலிவு என்னும் சொல்

சிக்கனமாகப் பயணம் செய்வதைப் பழிப்பது எம் கருத்தன்று. உயர்ந்த விடுதியில் இறங்கி, கண்ணாடிச் சாளரத்தின் வழியே கடலைப் பார்த்துத் திரும்புகிறவரைவிட, லாரியில் ஏறி, தேநீர்க் கடை விசிப்பலகையில் உறங்கிச் செல்கிறவர் ஒரு நாட்டை மிகுதியாக அறியக்கூடும். அவர் தரும் சிறு காசும் நேரே உள்ளூரார் கையில் சேரும். இவற்றை மறுப்பதற்கில்லை.

ஆனால் இவ்வகைப் பயணத்துக்கென ஓர் எழுத்து மரபும் வளர்ந்துள்ளது. டோனி வீலர், மோரீன் வீலர் என்னும் கணவன் மனைவியர் 1972-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து தரைவழியே ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா சேர்ந்தனர். அடுத்த ஆண்டே, ஆசியாவை மலிவாகக் கடப்பது எப்படி என்னும் பொருள்படத் தலைப்பிட்டுச் சிறு கைந்நூல் ஒன்றை வெளியிட்டனர். லோன்லி பிளானெட் என்னும் புகழ்பெற்ற வழிகாட்டி நூல் வரிசை அதிலிருந்தே தோன்றியது. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம் என நீண்ட அந்த வழியில் மேனாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கில் வந்தனர். 1979-இல் ஈரானியப் புரட்சியும் சோவியத் படைகளின் ஆப்கானிய நுழைவும் அவ்வழியை அடைத்துவிட்டன. வழி அடைபட்டாலும் அந்த எழுத்து முறை அடைபடவில்லை; இன்று தமிழிலும் அது நிலைபெற்றுவிட்டது.

வழிகாட்டி நூலில் விலை சொல்வது முறை. அது அந்நூலின் கடமை. இலக்கியம் என்று முன்வரும் எழுத்திலோ, மலிவு என்னும் சொல் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய சொல்லாகும். ஓர் ஊரில் உணவு மலிவாகக் கிடைக்கின்றது எனின், அதைச் சமைத்தவரின் கூலி குறைவு என்பது பொருள். படுக்கை மலிவு எனின், அப்படுக்கையைக் கொடுத்தவர் வேறிடத்தில் பாய் விரித்தார் என்பதும் பொருளாகலாம். வறிய நாட்டில் சிக்கனமாகச் சுற்றி வந்ததைத் தம் திறமையாக எழுதுகிறவர், உண்மையில் பிறருடைய வறுமையையே தம் திறமையென எழுதுகின்றார். அதை அவர் அறிந்து எழுதுவதில்லை. அறியாமை ஒன்றே அவர் குற்றம். ஆயினும் அறியாமையை நீக்குவதன்றோ இலக்கியத்தின் வேலை?

ஆற்றுப்படை காட்டும் கணக்கு

காசில்லாப் பயணிகளின் இலக்கியம் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக, பொருநரும் பாணரும் கூத்தரும் யாழையும் முழவையும் சுமந்து, பசித்த சுற்றத்தோடு, அறியாத நாட்டின் வழியே நடப்பதைக் கூறுவனவே ஏனைய நான்கும். பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி சொல்கின்றான். பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்துவதே இவ்விலக்கிய வகையின் இலக்கணம்.

இதில் நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வழி சொல்பவன் தன் வறுமையை மறைப்பதில்லை. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், பசியால் வாடிய கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி, உப்புமின்றி வேகவைத்து, பிறர் கண்டால் இழிவென்று கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் காட்சி, படித்தவர் மறக்கவொண்ணாதது. அத்தகைய வறுமை நீங்கப்பெற்றவனே வழி சொல்கின்றான். அவ்வாறே, வழியில் யார் என்ன கொடுப்பர் என்பதையும் அவன் விரிவாகச் சொல்கின்றான். எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட உலர்மீன் தருவர். வேலூரில் எயிற்றியர் புளியிட்டு ஆக்கிய சோற்றை ஆமான் இறைச்சியோடு தருவர். ஆமூரில் உழவர் வீட்டார் வெண்சோற்றை நண்டுக் கறியோடு தருவர். உணவு இன்னது, அதை ஆக்கிய கை இன்னது என்று இரண்டையும் புலவர் பதிவு செய்கின்றார். செலவு இல்லை என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

கடைக் கணக்கில் வாங்கியதைப் பற்றிலும் கொடுத்ததை வரவிலும் எழுதுவது நம்மவர் வழக்கம். ஆற்றுப்படை பற்றுப் பக்கத்தை ஒளிக்காமல் எழுதிய இலக்கியம். வரவுப் பக்கத்திலும் ஒன்று உண்டு: பெற்றவன் அடுத்தவனுக்கு வழி சொல்வதே அவன் திருப்பிச் செலுத்தும் தொகை. மலைபடுகடாத்தில் அவ்வழிகாட்டுதல் எத்துணை அக்கறையோடு நிகழ்கின்றது! பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம், கவண்கல் வந்து விழும் இடம், பாம்பு உறையும் இடம் என்று ஒன்றொன்றாகச் சொல்லி எச்சரிக்கின்றார் பெருங்கௌசிகனார்.

குறையும் சொல்லியாக வேண்டும். ஆற்றுப்படையின் பயணம் எப்போதும் கொடையாளியின் வாயிலில் முடிகின்றது. நல்லியக்கோடனும் நன்னனும் வழங்கும் பரிசிலே பாட்டின் கொடுமுடி. வழியில் உலர்மீன் சுட்டுத் தந்த பரதவர் வீட்டுக்கு யாரும் தேரும் யானையும் கொண்டுசெல்லவில்லை. சிறியோர் கொடை படிக்கட்டாகவும் பெரியோர் கொடை கோபுரமாகவும் ஆகிவிடுகின்றன. ஆயினும் படிக்கட்டையும் பாடிவைத்தமையால்தான் பரதவர் வீட்டு அடுப்பு இன்றும் அணையாமல் இருக்கின்றது.

சாதுவன் கொண்டுசென்றதும் கொண்டுவந்ததும்

மணிமேகலையில் வரும் சாதுவன் கதையைத் தீவில் வாழும் நாம் தனிக் கவனத்தோடு படித்தல் வேண்டும். ஆதிரை பிச்சையிட்ட காதையில் அக்கதை இடம்பெறுகின்றது. பொருளைக் கணிகைக்கும் சூதுக்கும் இழந்த சாதுவன் வணிகரோடு கலம் ஏறுகின்றான். கலம் கவிழ்கின்றது. ஒடிந்த மரமொன்றைப் பற்றி, நாகர் வாழும் மலையின் கரையில் ஒதுங்கி, மரநிழலில் உறங்குகின்றான். ஊனுடல் கிடைத்ததென்று நாகர் அவனைச் சூழ்கின்றனர். அவனோ அவர்கள் மொழியை நன்கு அறிந்தவன், அம்மொழியிலேயே பேசுகின்றான். நாகர் வியந்து, தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர்.

அந்நாகர் மலை நம் நக்கவாரமே என்று கருதுவோர் உண்டு. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும் மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகளே என்பதும் அறிஞர் பலர் கொண்ட முடிபு. சாத்தனார் எத்தீவை எண்ணிப் பாடினார் என்ற வழக்கில் யாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அவர் பாடிய பயணியைப் பற்றியதே எம் வினா.

சாதுவனிடம் முதுகுப்பை இல்லை; காசில்லை; மேலாடையும் இருந்திருக்குமோ ஐயம். இருந்தது மொழி ஒன்றே. அதுவே அவனைக் காத்தது. அறியாத நாட்டுக்குச் செல்பவன் கொண்டுசெல்லத்தக்க பொருள் யாது என்ற வினாவுக்குத் தமிழில் இதனினும் சிறந்த விடை எமக்குத் தெரிந்து இல்லை. தலைவன் கள்ளும் ஊனும் இளம்பெண்ணும் தர முற்பட, சாதுவன் மறுத்துக் கொல்லாமை உரைக்கின்றான். தலைவன் சிரிக்கின்றான். உடல்விட்ட உயிர் மற்றோர் உடல் புகுவது எவ்வாறு என்று கேட்கின்றான். எங்களால் இயன்றதைச் சொல் என்றும் கேட்கின்றான். கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாது காப்பாயாக என்பதே இறுதியில் சாதுவன் பெறும் உறுதி. தனக்குப் பின் வரும் பயணிக்கு வழி திறந்து வைத்தான் என்ற வகையில் இதுவும் ஓர் ஆற்றுப்படையே.

சமயப் பிரசாரத்துக்காகவே இக்காதை அமைந்தது என்று சொல்லி ஒதுக்குவோர், நாகர் தலைவனுக்குச் சாத்தனார் கொடுத்த சிரிப்பையும் கேள்விகளையும் மறந்துவிடுகின்றனர். எனினும் இரண்டு இடங்களில் எம் உள்ளம் நெருடுகின்றது. ஒன்று, புலவர் கண்ணில் நாகர் தலைவன் பெண்கரடியோடு இருந்த கரடிபோலத் தோன்றுவது. வந்தவன் மனிதன், இருந்தவன் விலங்கு. மற்றொன்று, சாதுவன் கொண்டுவந்த செல்வம். அகிலும் சந்தனமும் ஆடையும் பிறவும், முன்னர்க் கலம் கவிழ்ந்து வந்து நாகர்க்கு உணவானவர்களின் உடைமைகள் என்று தலைவனே சொல்கின்றான். அவற்றைப் பெற்றுக்கொண்டே சாதுவன் சந்திரதத்தன் கலத்தில் ஏறிப் புகார் மீள்கின்றான். அப்பொருளுக்குரியோரின் இல்லங்கள் புகாரில் எத்தனை இருந்தனவோ! அவ்வீட்டு வாயில்களுக்குச் சாதுவன் சென்றானா? காப்பியம் சொல்லவில்லை. எம் அலுவலகமாயின் அந்தக் கட்டத்தைச் சுட்டிப் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருப்போம்.

இரங்கூனிலிருந்து நடந்தவர்

நம் காலத்துக்கு வருவோம். 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது சப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவருள் பெருந்தொகையினர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவ்வாறு துணைவியாரோடு நடந்து வந்தவருள் ஒருவர், இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா. பிளேட்டோவைத் தமிழில் தந்த அறிஞர் அவர். ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் அவர் நூல் தமிழ்ப் பயண இலக்கியத்தில் தனியிடம் உடையது.

அப்பயணத்தை உல்லாசப் பயணத்தோடு ஒப்பிடலாமா என்று வினவக்கூடும். ஒப்பிடத்தான் வேண்டும் என்போம். சுமை குறைப்பது, கிடைத்த வண்டியில் இடம் கேட்பது, கிடைத்த இடத்தில் படுப்பது, அறியாதவர் தரும் சோற்றை உண்பது ஆகிய புறச்செயல்கள் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு, ஒருவர் விரும்பினால் திரும்பலாம். மற்றவர் திரும்ப இயலாது. திரும்பும் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வறுமையை நடித்துப் பார்க்கிறவருக்கும், வறுமையாலோ போராலோ நடக்கிறவருக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. சர்மாவின் நூலைப் படித்த பின்னர், ‘கையில் காசில்லாமல் சுற்றினேன்’ என்னும் பெருமிதம் நாவில் எளிதாக வாராது.

சர்மா அப்போது 46 வயதைக் கடந்தவர். இலக்கியத்திலும் அரசியலிலும் தோய்ந்த அவர், தம் துன்பத்தைப் பெருக்கி எழுத எல்லா வாய்ப்பும் உடையவர். அவர் அதைச் செய்யவில்லை. நடந்த காலத்துக்கும் நூலான காலத்துக்கும் இடையே நெடிய ஆண்டுகள் சென்றுவிட்டன. கோபம் அடங்கி, நினைவு மட்டும் எஞ்சிய நிலையில் எழுந்த எழுத்து அது. நேற்றுக் கண்டதை இன்றே எழுதி வெளியிடும் அவசரம் பயண எழுத்தைக் கெடுக்கின்றது என்பதற்கு இந்நூலை எதிர்ச்சான்றாகக் காட்டுவோம். பெற்ற உதவியின் அளவு, பெற்ற அன்றே தெரிவதில்லை. ஆண்டுகள் கழிந்தே தெரிகின்றது.

‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலை 1940-இல் வெளியிட்ட ஏ. கே. செட்டியாரை இங்கே நினையாதிருத்தல் கூடாது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்துக்காகக் கண்டங்கள் கடந்து படச்சுருள்களைத் திரட்டியவர். 1943 முதல் ‘குமரிமலர்’ இதழை நடத்தியவர். அவர் எழுத்தில் ‘நான்’ மிகக் குறைவு; கண்ட மனிதரும் ஊரும் வழக்கமும் மிகுதி. கடல் கடந்து சென்ற தமிழர் எங்கெங்கு எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அவர்போல் தேடிச் சென்று எழுதியவர் சிலரே. தம்மை மிகவும் மறைத்துக்கொண்டமையால் பயணியின் களைப்பும் பசியும் நமக்கு எட்டாமற் போகின்றன என்று குறை கூறலாம். ஆயினும் தம்மை முன்னிறுத்தி ஊரைப் பின்னிறுத்தும் இன்றைய எழுத்துக்கு அவர் நூல்கள் நல்ல மருந்து.

நம் சாலையில் நாமே பயணிகள்

இதுவரை பிறர் பட்டியலைச் சரிபார்த்தோம். இனி எம் பட்டியலையும் மேசைமீது வைத்தல் முறை.

போர்ட் பிளேயருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினர். அந்நகரிலிருந்து ரங்கத் வழியாகத் திக்லிப்பூர் செல்லும் அந்தமான் பெருவழிச் சாலை, ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டை ஊடுருவிச் செல்கின்றது. ஜிர்க்காடாங்கில் வண்டிகளை அணியாகச் சேர்த்துக் காவலோடு அனுப்புகின்றனர். நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது, உணவு கொடுக்கலாகாது என்பன விதிகள். பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் 1956-ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. காப்புக் காட்டினூடே செல்லும் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது. ஆயினும் வண்டிகளின் போக்குவரத்து நிற்கவில்லை. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச்செய்த படக்காட்சி 2012 சனவரியில் வெளியாகி உலகமே நம்மை நோக்கி முகம் சுளித்தது.

ஜாரவா மக்கள் பகை மறந்து வெளியே வரத் தொடங்கியது 1997-இன் இறுதியில். அடுத்த ஆண்டு, படிப்பின் பொருட்டு யாம் பேருந்தில் அச்சாலையைக் கடந்தோம். சாலையோரத்தில் சிலர் நின்றனர். பேருந்தே ஒரு பக்கம் சாயும் அளவுக்கு அனைவரும் சாளரங்களில் குவிந்தனர். யாமும் குவிந்தோம். எம் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று சாளரத்தின் வழியே வெளியே போயிற்று. அதை எடுக்கக் குனிந்த சிறுவனைக் கண்டு பேருந்து சிரித்தது. அன்றிரவே நண்பர் ஒருவருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினோம். கண்ட காட்சியை வியந்து வியந்து எழுதினோம். எம் முதற் பயணக் கட்டுரை அதுவே.

சாதுவனிடம் மொழியேனும் இருந்தது. எம்மிடம் அதுவும் இல்லை. அக்காடு யாருடையது, யாம் யாருடைய இல்லத்தின் நடுவே அமர்ந்து சிரிக்கின்றோம் என்ற எண்ணம் அக்கடிதத்தின் நான்கு பக்கங்களிலும் இல்லை. எம் தாயாரின் குழம்பை எழுதாமல் விட்ட இளைஞர் செய்தது சிறு பிழை. யாம் செய்தது பெரும் பிழை. இன்றும் இத்தீவுகளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் சிலவற்றில், பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையும் சேற்றெரிமலையும் ஜாரவா மக்களும் ஒரே வரிசையில், காணத்தக்கவை என்று அடுக்கப்படுகின்றனர். இலக்கண ஆசிரியர் உயர்திணை, அஃறிணை என்று வகுத்துத் தந்த மொழியில் இவ்வாறு எழுதலாமா?

வடக்குச் சென்டினல் தீவுக்கு 2018 நவம்பரில் தடையை மீறிச் சென்ற அமெரிக்க இளைஞர் உயிரிழந்தார். அவர் இறப்பு வருந்தத்தக்கதே. ஆனால் கதவைத் திறக்க விரும்பாத இல்லமும் உலகில் உண்டு என்பதைப் பயணி அறிதல் வேண்டும். சாதுவன் ஒதுங்கியது விபத்தால். அழைப்பின்றித் தேடிச் செல்வது வேறு. போகாதிருத்தலும் ஒரு பயண நெறியாகும். அந்நெறியைப் பாடும் நூல் தமிழில் இனித்தான் வர வேண்டும்.

வரவுப் பக்கம்

இத்தீவுகளில் வாழும் தமிழராகிய நாம் யாவரும் ஒரு காலத்தில் கப்பலின் பங்க் வகுப்பில், ஏறத்தாழ மூன்று நாள் கடலைக் கடந்து, தகரப் பெட்டியோடு இறங்கியவர்கள். அல்லது அவ்வாறு இறங்கியவரின் மக்கள். 1964-ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப் பின்னர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்தோர் நம்முள் உளர். அவருட் பலர் 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில் மீண்டும் எல்லாவற்றையும் இழந்தனர். அறியாத நாட்டில் கையில் காசின்றி நடப்பது எத்தகையது என்பதை நமக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை.

எம் தந்தையார் 1976-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்திறங்கியபோது, ஹாடோவில் அறிமுகமில்லாத தெலுங்கு மீனவர் ஒருவர் தம் திண்ணையில் ஆறு மாதம் இடம் தந்தார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. அக்குடும்பத்துக்குப் பொங்கல்தோறும் அரிசியும் வெல்லமும் கொண்டுபோய்க் கொடுப்பதை எம் தந்தையார் இன்றும் விடவில்லை. அவர் எந்தக் கட்டுரையும் எழுதியவரல்லர். ஆனால் எம் கணக்கில், பற்றையும் வரவையும் சரியாக எழுதிய பயணி அவரே.

திருவள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும், இனியவை கூறலைப் பத்தாவதாகவும், செய்ந்நன்றியறிதலைப் பதினொன்றாவதாகவும் வைத்தார். முதலாவது வீட்டாருக்கு, மூன்றாவது விருந்தினருக்கு, நடுவில் நிற்கும் சொல் இருவருக்கும் பொது என்று கொள்ளலாம். பயண இலக்கியம் என்பது அந்த நடுவிலுள்ள சொல்லே அன்றி வேறில்லை.

ஆதலின் நம் பிள்ளைகள் ஊர் சுற்றட்டும், முதுகுப்பையோடு செல்லட்டும், லாரியில் ஏறட்டும், சிக்கனமாகவே செலவிடட்டும். திரும்பி வந்து எழுதவும் எழுதட்டும். எழுதும்போது, செலவில்லாமல் கிடைத்தது எதுவோ அதற்கு ஒரு பத்தி கூடுதலாக எழுதுக என்பதே எம் வேண்டுகோள். சமைத்தவர் யார், அன்று அவர் வீட்டில் எத்தனை பேர், நமக்குப் பாய் தந்தவர் எங்கே படுத்தார் என்று எழுதுக. எழுத இயலாவிடின், நலமாகச் சேர்ந்தேன் என்று அந்த வீட்டுக்கு ஒரு வரியேனும் அனுப்புக. ரங்கத்தில் ஒரு மூதாட்டி இன்னமும், “அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டிருக்கின்றார். எம்மிடம் விடையில்லை.